எனாமல் குவளையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி?

இன்றைய சீன ஓவியர்களைப் பார்த்து அன்றாடப் பொருள்களைத் தீட்டப் பழக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பழைய எனாமல் குவளை ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்பதுதான். வெள்ளை உடல், விளிம்பில் நீலப் பட்டை, வயிற்றில் சிவப்புச் சீன எழுத்தில் ‘மக்களுக்குத் தொண்டு செய்’ என்ற வாசகம். மாவோ காலத்துச் சீனாவில் எங்கும் புழங்கிய குவளை அது. அடிபட்டு எனாமல் பெயர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

வழிகாட்டியாக ஷாங்காய் ஓவியர் ஜாங் என்லியை வைத்துக்கொள்ளுங்கள். 1965-இல் ஜிலின் மாகாணத்தில் பிறந்தவர். வாளி, அட்டைப்பெட்டி, ரப்பர் குழாய் என்று யாரும் திரும்பிப் பார்க்காத பொருள்களை, நீர்வண்ணமோ என்று தோன்றும் அளவுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கரைத்துத் தீட்டியவர். பல படங்களில் பென்சில் கட்டங்கள்கூட அப்படியே தெரியும்.

குவளையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, இடப்பக்க ஜன்னல் வெளிச்சத்தில் தனியாக வையுங்கள். பழம், துணி எதுவும் வேண்டாம். ஜாடியும் ஆப்பிளும் துணி மடிப்பும் சீனக் கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மாணவர்கள் பழகுகிற பாடம். கைக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் இங்கே பொருள் தனியாக நிற்கவேண்டும்.

கான்வாஸில் பென்சிலால் கட்டம் போட்டு வரையுங்கள். வாயின் நீள்வட்டத்தைவிட அடிப்பகுதியின் வளைவு சற்று அதிகமாக இருக்கவேண்டும். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை டர்பன்டைன் கரைப்பானில் நன்றாகக் கரைத்து நிழல்பகுதியில் மட்டும் மெல்லிய பூச்சாக ஓடவிடுங்கள். வழிந்தால் துடைக்காதீர்கள்.

வெள்ளைதான் கடினம். குவளையில் சுத்த வெள்ளை மிகக் கொஞ்சம். வெளிச்சப் பக்கம் லேசான மஞ்சள் சாம்பல், நிழல் பக்கம் நீலச் சாம்பல், மேசையை ஒட்டிய அடியில் மேசையின் நிறமே ஏறியிருக்கும். இதையெல்லாம் போட்டு முடிக்கும்வரை டைட்டானியம் வெள்ளையைத் தனியாகத் தொடாதீர்கள்.

எனாமல் பெயர்ந்த இடத்தை அவசரமாகக் கறுப்புப் புள்ளி வைத்து முடித்துவிடாதீர்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். நடுவில் துரு, அதைச் சுற்றிக் கருத்த அடிப்பூச்சு, அதற்கு வெளியேதான் வெள்ளை. அது ஒரு பள்ளம் என்பதால், இடமிருந்து வெளிச்சம் வரும்போது இடது ஓரம் நிழலாகவும் வலது ஓரம் மெல்லிய வெளிச்சக் கோடாகவும் இருக்கும். அந்தக் கோடு விழுந்ததும் எனாமலுக்குக் கனம் வந்துவிடும். ஓவியத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

எழுத்துகளை எழுதாதீர்கள், வரையுங்கள். உடலின் வளைவோடு ஓரத்துக்குப் போகப் போக அவை ஒடுங்கும், சிவப்பும் மங்கும்.

கடைசியாக விளிம்பில் ஒரே ஒரு தடித்த வெள்ளைத் தீற்றல். பின்னணியை நிரப்பவேண்டாம். வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுங்கள்.