கையில் காசில்லாமல் கல்லூரிக்கு: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் கிராமத்து மாணவர்களுக்கு

வீட்டில் கூலி வேலைதான் வருமானம், குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அப்படிப்பட்ட மாணவருக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கக்கூடிய படிப்பு உதவி ஒன்றிரண்டல்ல. தகுதி இருந்தும் அதைத் தவறவிடுகிறவர்கள் பெரும்பாலும் எதை முதலில் செய்வது என்ற வரிசையில்தான் சறுக்குகிறார்கள். ரிசல்ட் வந்தபிறகு சான்றிதழுக்கு அலைவார்கள், கல்லூரியில் பணம் கட்டியபிறகு உதவித்தொகையை விசாரிப்பார்கள். எதை எப்போது செய்வது என்று பார்ப்போம்.

படி 1: பெயர்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, பிறந்த தேதி ஒன்றா, ஓர் எழுத்து கூடக்குறைய இருக்கிறதா? வித்தியாசம் இருந்தால் மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள். இதைப் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

படி 2: சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப்போகிறவர் என்பதற்கு). மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) என்று மேலே போகும். கூலிக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்து நிலைமையைச் சொல்லுங்கள். விசாரணை அவர் கையில்தான் இருக்கிறது. ஜூன் மாதம் ஊரே அங்கே நிற்கும், ஆகவே ஏப்ரலிலேயே போய்விடுவது நல்லது.

படி 3: வங்கிக் கணக்கு

உதவித்தொகை நேரே மாணவர் கணக்குக்குத்தான் வரும். அதிகம் பேர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். கணக்கு திறக்கும்போது ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. அரசுப் பணம் வருவதற்கு ஆதாரை அந்தக் கணக்கோடு இணைக்கச் சொல்லி, 'ஆதார் சீடிங்' படிவத்தைத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு இருந்தால் கடைசியாக சீடிங் செய்த கணக்குக்குத்தான் பணம் போகும். எந்த வங்கி என்பதை மைஆதார் தளத்தில் பார்க்கலாம். பள்ளியில் சேர்ந்தபோது திறந்து, பிறகு தொடாமலே விட்ட கணக்கு முடங்கிக் கிடக்கும். நூறு ரூபாயாவது போட்டு எடுத்து அதற்கு உயிர் கொடுங்கள்.

படி 4: கலந்தாய்வு

நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அடித்துச் சொல்வேன் என்றால் அது இதுதான்: கலந்தாய்வு (மதிப்பெண் வரிசைப்படி அரசே இடம் ஒதுக்கும் முறை) வழியாகவே சேருங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் புரோக்கர் வீடு தேடி வருவார். "ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்பார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் (கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தரும் இடத்தில்) கையெழுத்துப் போட்ட நிமிடமே முதல் பட்டதாரி கட்டணச் சலுகை போய்விடும்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. இதில் இடம் பிடித்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும். எனவே விண்ணப்பத்தில் படித்த பள்ளிகளின் விவரத்தை நிதானமாக நிரப்புங்கள். தலைமையாசிரியரிடம் அதற்கான சான்றும் வாங்கி வையுங்கள்.

கலை, அறிவியல் படிப்பு என்றால் முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் குறைவு. பக்கத்து ஊரில் பளபளக்கும் தனியார் கல்லூரியைவிட, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த அரசுக் கல்லூரி உங்கள் வீட்டுக்கணக்குக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி.

படி 5: சேர்ந்த முதல் வாரம்

கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் பொறுப்பு அலுவலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022 முதல்), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 முதல்) என்ற தமிழக அரசுத் திட்டங்கள் உண்டு: மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். வேறு உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் தொகையும் கிடைக்கும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் தேசிய உதவித்தொகைத் தளத்தில் மத்திய அரசின் 'மத்தியத் துறை' உதவித்தொகைத் திட்டத்தையும் பாருங்கள்: வருமான வரம்பு 4.5 லட்சம், பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசு விடுதிக்கும் இதே வாரத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்றால் பாதிச் செலவு கழிந்தது.

படி 6: இடையில் விழும் பள்ளம்

உதவித்தொகை சேர்ந்த அன்றே வராது, மாதங்கள் ஆகும். பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் அதுவரை காத்திருக்காது. கந்து வட்டிக்குப் போகாதீர்கள். வித்யாலட்சுமி என்ற இணையதளத்தில் வங்கிக் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, தொழிற்கல்வி என்றால், படிக்கும் காலத்துக்கும் அதற்கடுத்த ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. வங்கி மேலாளர் கடனை வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் போஸ்ட் மெட்ரிக், மத்தியத் துறை உதவித்தொகை இரண்டையும் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டில் வாங்கியவர்கள் தானாக வரும் என்று இருந்துவிடுகிறார்கள். வராது. கல்லூரி அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், வருமானச் சான்றிதழ் பழையதாகியிருந்தால் முதல் ஆண்டு முடிந்த விடுமுறையிலேயே புதிதாக எடுத்துவிடுங்கள்.