செக்ரோலில் ஒளிந்திருக்கும் ராஜா

ஒரு ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, எடுத்ததும் அகராதியைத் திறக்காதீர்கள். நம்மைச் சுற்றி அது எங்கெல்லாம் புழங்குகிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

'செக்'கையே எடுத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பக்கம் எனக்குச் சிக்கியவை: குஞ்சப்பனை செக்போஸ்ட், அங்கே பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைச் செக் பண்ணுவது, பேர் விழுந்தால்தான் சம்பளம் என்கிற எஸ்டேட் வருகைப் பதிவேடான செக்ரோல், ஓடையில் கட்டிய செக் டேம், பேங்க் செக், கட்டம் போட்ட செக் சட்டை, அப்புறம் செஸ்ஸில் ராஜாவுக்கு வைக்கும் செக்.

இதில் மூத்தது எது? இங்கேதான் சொற்பிறப்பு அகராதி வேண்டும். ஒவ்வொரு பொருளும் எப்போது முதலில் எழுத்தில் வந்தது என்று போட்டிருக்கும், அந்த வரிசையில் படியுங்கள். 'சரிபார்' என்ற பொருள்தான் பழசு என்று நினைத்திருந்தேன், அது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. மூத்தது செஸ் செக். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அது அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று கைமாறி 14ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. செஸ் என்ற பேரே அந்தச் சொல்லின் பன்மைதான்.

சரி, அரசன் எப்படி ஓடைக்கு வந்தான்? ராஜாவுக்குச் செக் வைத்தால் இஷ்டத்துக்குக் காய் நகர்த்த முடியாது, அதனால் 'தடு' என்று பொருள் விரிந்தது. செக் டேம் அந்தக் கிளை. தப்பு நடக்காமல் தடுக்கத்தானே சரிபார்க்கிறோம்? செக்ரோலில் இன்று நமக்குக் கேட்பது அந்தப் பொருள்தான், செக்போஸ்ட்டில் இரண்டும் உண்டு. பேங்க் செக் என்ற பேரும், 18ஆம் நூற்றாண்டில் மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குத்தான் (கவுண்டர்ஃபாயில்) முதலில் இருந்தது.

சட்டை வந்த வழி வேறு, அது செஸ் பலகையின் கட்டம். இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்ட துணியை மேஜையில் விரித்து, அதில் காய் வைத்து அரசுக் கணக்குப் பார்த்தார்கள், அதனால்தான் அங்கே கருவூலத்துக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பேர். பேங்க் செக்கைப் பிரிட்டிஷ்காரர்கள் 'க்யூ' போட்டு cheque என்று எழுதுவதும் exchequer என்கிற இந்தப் பேரின் பாதிப்புதான்.

ஒரு எச்சரிக்கை. டீக்கடையில் ஒருவர், எண்ணெய் ஆட்டும் நம்ம செக்குதான் செக் ஆனது என்று அடித்துச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது, இடையில் எந்த மொழியில் எந்த வடிவத்தில் இருந்தது என்று எழுத்தில் சான்று வேண்டும். அது 'ஷா'வுக்கு இருக்கிறது, எண்ணெய்ச் செக்குக்கு இல்லை.

அடுத்து எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் 'லயன்' வீட்டை எடுத்துப் பாருங்கள். சிங்கத்தைத் தேட வேண்டாம், அது 'லைன்'. வேரில் இருப்பது லத்தீன்காரர்களின் ஆளிச்செடி நூல்.