கல்லூரி ஆசிரியர் தம் கற்பித்தலைச் செம்மைப்படுத்திக்கொள்ளும் முறை

பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகச் சேர பி.எட். வேண்டும்; கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர முதுகலைப் பட்டத்தோடு நெட், செட் எனப்படும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும், கற்பித்தலில் தனிப் பயிற்சி நிபந்தனையாக இல்லை. இந்தக் குறையை ஈடுசெய்யவே 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை பின்னர் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. ஆனால் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவை என்பதால் சேர்ந்து, அதைக் கோப்பில் வைத்ததோடு மறந்துவிடும் பயிற்சிகளே நம்மிடையே அதிகம். பயிற்சியால் வகுப்பறை மாற வேண்டுமானால், வேலையைப் பயிற்சிக்கு முன்பே தொடங்க வேண்டும்.

முதலில் நீங்கள் நடத்தும் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சென்ற இன்டர்னல் தேர்வு விடைத்தாள் கட்டிலிருந்து இருபது தாள்களை எடுத்து, மதிப்பெண்ணைப் பார்க்காமல், மாணவர் எந்த இடத்தில், எவ்வகையில் தவறியிருக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே தவறு பல தாள்களில் திரும்பத் திரும்ப வருமானால், அது மாணவரின் அலட்சியமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தக் கருத்தை நாம் நடத்திய விதத்தையே அது காட்டுகிறது.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, பங்கேற்பாளர் பாடம் நடத்திக் காட்டி, அதன்மேல் கருத்துக் கேட்கும் பகுதி உண்டா என்று விசாரியுங்கள். ஐந்து நாள் இணையவழிச் சொற்பொழிவும் முடிவில் ஒரு கூகுள் படிவமுமாக நடக்கும் எஃப்.டி.பி. எனப்படும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளால் வகுப்பறைக்குப் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து.

அடுத்து, வகுப்பில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்யுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991 முதல் கையாண்டு வரும், மாணவர் ஒருவருக்கொருவர் விளக்கும் முறை, நம் நெரிசலான வகுப்புகளுக்கும் பொருந்தக்கூடியது; அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டு, சுழி, கீழ்நோக்கி 9.8, மேல்நோக்கி 9.8 என மூன்று விடைகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் எவரும் பேசாமல் யோசிக்கட்டும். பின்பு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி விரல்களை மார்போடு சேர்த்து உயர்த்தித் தங்கள் விடையின் வரிசை எண்ணைக் காட்டட்டும். திசைவேகம் சுழியாவதால் முடுக்கமும் சுழி என்று தவறாக எண்ணிப் பலர் ஒரு விரலைக் காட்டுவார்கள்; சரியான விடை கீழ்நோக்கி 9.8. சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ முப்பது முதல் எழுபது விழுக்காட்டுக்குள் இருந்தால், நீங்கள் விளக்க முற்படாமல், மாறுபட்ட விடை சொன்ன ஒருவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லிவிட்டு மறுபடி விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் கீழே இருந்தால் கருத்தை மீண்டும் நடத்த வேண்டும். மேலே இருந்தால் ஒரு வரி விளக்கத்தோடு நகரலாம். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நிறைந்த முதலாண்டு வகுப்பில் அந்த வாதம் தமிழிலேயே நடக்கட்டும், தாளில் எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதினால் போதும்.

இப்படிச் செய்தால் சிலபஸ் முடியாது என்ற கவலை உடனே எழும். ஒரு கேள்விக்கு ஆறேழு நிமிடங்களுக்கு மேல் ஆகாது. நோட்ஸ் சொல்லி எழுத வைப்பதை நிறுத்தினால் அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கும். அந்த நோட்ஸ் எப்படியும் கல்லூரி வாசலிலுள்ள ஜெராக்ஸ் கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் அமெரிக்காவில் வெளியான பகுப்பாய்வில், வெறும் விரிவுரை வகுப்புகளில் 33.8 விழுக்காடாக இருந்த தோல்வி, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

மூன்றாவதாக, உங்கள் வகுப்பைப் பார்க்க ஒரு சக ஆசிரியரை அழையுங்கள். துறைத்தலைவரை அழைத்தால் அது பணி மதிப்பீடாகிவிடும் என்பதால், உங்கள் நிலையிலேயே உள்ளவரை, முடிந்தால் வேறு துறைக்காரரை, அழைப்பது நல்லது. எதைக் கவனிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒன்றாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். அவர் கடைசி பெஞ்சில் அமர்ந்து, இருக்கை வரிசையைத் தாளில் வரைந்து, நீங்கள் கேள்வி கேட்ட மாணவர் இருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால், மணி அடிக்கும்போது கோடுகள் முதல் இரண்டு பெஞ்சுகளிலேயே குவிந்து கிடப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். கேள்விக்குப் பின் எத்தனை நொடி காத்திருந்தீர்கள் என்பதையும் வேறொரு நாள் குறிக்கச் சொல்லலாம். பள்ளி வகுப்புகளை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் ஒரு நொடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டினால் விடைகள் நீள்வதையும் 1970-களில் எடுத்துக்காட்டினார்.

மாணவர் கருத்தைப் பொறுத்தவரை, செமஸ்டர் முடிவில், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான கோப்புக்காக வாங்கப்படும் ஃபீட்பேக் படிவம் காலம் கடந்து வருவது. ஆறாவது வாரத்தில், பெயர் எழுதாத அரைத்தாளில், எது புரிய உதவுகிறது, எது தடையாக இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு, மறு வகுப்பிலேயே எதை மாற்றப்போகிறீர்கள், எதை மாற்ற இயலாது, ஏன் என்பதைச் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், பங்கேற்கும் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகக் கற்றிருந்தும், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே கருதினார்கள். எனவே தொடக்கத்தில், “சார் பாடமே நடத்தமாட்டேங்கிறார்” என்ற குறை வந்தால் அதற்காகவே முறையைக் கைவிட வேண்டாம். ஏன் இப்படி நடத்துகிறோம் என்பதை முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் விளக்கிவிடுவது அந்தக் குறையைக் குறைக்கும்.

செமஸ்டர் முடிவில், தொடக்கத்தில் கண்ட அதே தவறு எத்தனை தாள்களில் வருகிறது என்று மறுபடி இருபது விடைத்தாள்களில் எண்ணிப் பாருங்கள். சராசரி மதிப்பெண் ஆண்டுக்காண்டு மாணவரைப் பொறுத்தும் வினாத்தாளைப் பொறுத்தும் ஏறி இறங்குவதால் அதை நம்ப வேண்டியதில்லை. தவறு குறையாத பகுதிக்கு அடுத்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால், அந்தத் தாள்களையே சான்றாக வைத்துப் பாடத்திட்டக் குழுவில் யூனிட்டின் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.