வினைமுற்று வரும்வரை பொறுங்கள்: காது கொடுத்துக் கேட்கப் பழகுவோருக்கு

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போட்டே முப்பது ஆண்டுகளை ஓட்டியவர். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது, "இருட்டிய பிறகு வண்டி ஓட்ட..." என்று தொடங்கினார். "பெட்ரோல் செலவைக் கண்டாலே பயந்துவிடுகிறீர்கள்" என்று நான் முந்திக்கொண்டேன். ரசம் சாதத்தை முடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். இரண்டு வாரம் கழித்து, "எதிரே வருகிற வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது" என்றார். "எல்லாருக்கும் அப்படித்தான் அப்பா, இப்போது வருகிற விளக்குகள் அப்படி" என்றேன். இரண்டு கண்ணிலும் புரை என்று மருத்துவர் சொன்ன அன்றுதான், பாதியில் நின்ற அந்த வாக்கியம் 'ஓட்ட முடியவில்லை' என்று முடிந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தது.

காது மந்தமில்லை, கேட்கத்தான் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: வினைமுற்று வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்

தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசிச் சொல்லில் இருக்கிறது. "தம்பியிடம் பணம் கேட்க" என்பதுவரை காதில் விழுந்தால் என்ன தெரியும்? கேட்கப் போகிறேன், கேட்க மாட்டேன், கேட்கக் கூச்சமாக இருக்கிறது, எது வேண்டுமானாலும் வரலாம். உண்டா இல்லையா, நடந்ததா நடக்கப் போகிறதா, எல்லாம் வால்பகுதியில்தான். நடுவில் வெட்டுகிறவர் அடுத்தவர் வாக்கியத்துக்குத் தன் வினைமுற்றைத் தைத்துவிடுகிறார். நான் தைத்தது பெட்ரோல்.

ஏன் இப்படி முந்துகிறோம்? உலகின் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளுக்குப் பதில் வர ஆகும் நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று கண்டார்கள். அவ்வளவு சீக்கிரம் பதில் வர வேண்டுமென்றால், எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் உலையை ஏற்றியிருக்க வேண்டும். அந்தப் பத்தில் தமிழ் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் அளந்திருந்தால் அந்த ஐந்தில் ஒரு பங்கும் தேறியிருக்காது.

பயிற்சி எளிது. அவர் நிறுத்தியதும் ஒரு மூச்சை நிதானமாக இழுத்து விடுங்கள். பல நேரங்களில் அந்த மூச்சுக்குள்ளேயே, "அதில்லை, விஷயம் என்னவென்றால்..." என்று அவரே மறுபடி தொடங்குவார். சொல்ல வந்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது தொடக்கத்தில்தான் இருக்கும்.

இரண்டாம் படி: ஊம் கொட்டுங்கள், ஆனால் இடம் பார்த்து

கதை சொல்லும் பாட்டி, "ஊம் கொட்டினால்தான் மேலே சொல்வேன்" என்பாள். நாம் தூங்கிவிட்டோமா என்று பார்க்க மட்டுமில்லை. ஊம் இல்லாவிட்டால் அவளுக்கே கதை ஓடாது. ஆனால் எல்லா ஊமும் ஒன்றல்ல. மூச்சு விடும் இடத்தில் தாழ்ந்து விழும் ஊம், 'புரிகிறது, சொல்லுங்கள்' என்கிறது. படபடவென்று கொட்டும் 'ம்ம், ம்ம், ம்ம்', 'சீக்கிரம் முடி' என்கிறது. கண் கைபேசியில் இருக்க வாய் மட்டும் கொட்டும் ஊமைச் சிறு பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். கைபேசியைக் கவிழ்த்து வைப்பதும் போதாது, அடுத்த அறையில் வையுங்கள்.

மூன்றாம் படி: 'எனக்கும் இப்படித்தான்' என்பதை விழுங்குங்கள்

மாலையில் தட்டுவடை செட் கடையோரம் நின்று பாருங்கள். ஒருவர் தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்கி ஒரு வாய் மெல்லுவதற்குள், மற்றவர் தன் இடுப்பு வலியை விரித்துவிடுவார். ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் முழங்கால் அநாதையாகிவிடுகிறது.

நான்காம் படி: திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சச்சரவுகளுக்கென்று ஒரு விதி சொன்னார்: எதிரே இருப்பவர் சொன்னதை, அவரே 'ஆமாம், அதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே நீங்கள் உங்கள் பக்கத்தைப் பேசலாம். செய்து பாருங்கள், சண்டை பாதியிலேயே சப்பென்று ஆகிவிடும். ஒன்று மட்டும்: கிளிப்பிள்ளை போல அதே சொற்களை ஒப்பிக்காதீர்கள், எரிச்சல்தான் வரும். "அப்படியானால் பகலில் தொந்தரவு இல்லை, இருட்டிய பிறகுதான் கூசுகிறதா?" என்று நான் அன்று கேட்டிருந்தால் போதும், ஆஸ்பத்திரிக்குச் சில மாதம் முன்பே போயிருப்போம்.

காது கொடுப்பதற்கும் வினவுவதற்கும் தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான். வினவும்போது 'ஏன்' என்பதை மட்டும் கூடியவரை ஒதுக்குங்கள். "ஏன் அப்படிச் செய்தாய்?" என்றால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போலாகிவிடும். எப்போதிலிருந்து, எந்த இடத்தில், அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டால் பேச்சு தானாக நீளும்.

பழக ஓர் இடம்

வீட்டில் தொடங்குவது கடினம்; பழைய கணக்குகள் குறுக்கே வரும். நான் சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் பழகினேன். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கத்து இருக்கைக்காரர் பேச்சுக் கொடுத்தால், முதல் ஐந்து வளைவுகளுக்கு ஊம் மட்டும். அடுத்த ஐந்தில் ஒரே ஒரு கேள்வி. பாதி மலைக்கு மேல் காற்றழுத்தம் குறைந்து காது அடைத்துக்கொள்ளும், எச்சிலை விழுங்குங்கள், திறந்துவிடும். ஒருமுறை காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கப் போகும் ஓர் அம்மாள், எது பறிக்கும் பதத்துப் பழம், எதை இன்னும் விட்டுவைக்க வேண்டும் என்று விரல் நுனியில் உருட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். நான் கேட்டது மொத்தம் இரண்டு கேள்வி. பேச விரும்பாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், அவரை வாட்ட வேண்டாம்.

அப்பாவுக்கு இப்போது ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. போன வாரம் சாப்பிடும்போது, "நாளைக்கு லீ பஜாருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு..." என்று இழுத்தார். இவ்வளவு சீக்கிரம் வண்டியா என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மோரை ஊற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

"...நீ வந்து என்னைக் கொண்டுபோய் விடுகிறாயா?" என்றார்.