சாவு பயம் ராத்திரில வந்து உட்கார்ந்துக்கிட்டா என்ன பண்றது

படுத்து லைட்ட அணைச்சு கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், திடீர்னு "ஒருநாள் நான் இல்லாமயே போயிடுவேன்ல"ன்னு ஒரு நினைப்பு வரும், வந்த உடனே அடிவயிறு காலியாகி நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பகல்ல இதே விஷயத்த எத்தனை தடவ பேசியிருந்தாலும் ராத்திரி அது வர்ற விதமே வேற. அப்பா போனதுக்கப்புறம் எனக்கு எட்டு மாசம் இப்படித்தான் ஓடுச்சு. மணிக்கட்டுல ரெண்டு விரல வெச்சு செல்ஃபோன் வெளிச்சத்துல நாடி எண்ணுவேன், 92 வரும், மறுபடி எண்ணுவேன் 104 வரும், எண்ண எண்ண ஏறுதேன்னு இன்னும் பயந்து திரும்பவும் எண்ணுவேன், பயந்துக்கிட்டே எண்ணுறதாலதான் அது ஏறுதுன்னு புரியவே ரொம்ப நாள் ஆச்சு. அந்த எட்டு மாசத்துலயும் அதுக்கப்புறமும் எனக்கு உபயோகப்பட்டத மட்டும் எழுதுறேன்.

முதல் விஷயம், ராத்திரி ரெண்டு மணிக்கு தத்துவம் பேசாதீங்க. ஆத்மா இருக்கா, மறுபிறவி இருக்கா, எதுவுமே இல்லையான்னு அந்த நேரத்துல உட்கார்ந்து முடிவு பண்ண பார்த்தா தோத்துத்தான் போவீங்க, ஏன்னா உடம்பு ஏற்கனவே ஆபத்து வந்துடுச்சுன்னு முடிவு பண்ணி அட்ரினலின இறக்கிவிட்டாச்சு, அந்த நிலைமைல மூளை எந்த பதிலையும் ஒத்துக்காது. அதனால உடம்ப மட்டும் கவனிங்க. எழுந்து உட்காருங்க, கால தரையில வைங்க, மூக்கு வழியா நாலு எண்ணி இழுத்து வாய் வழியா ஆறு எண்ணி மெதுவா விடுங்க, வெளிய விடுற மூச்சு நீளமா இருக்கணும், அதான் முக்கியம். இந்த படபடப்பு பொதுவா பத்து நிமிஷத்துக்குள்ள உச்சிக்கு போயிட்டு தானா இறங்க ஆரம்பிச்சிடும், அதோட சண்ட போடாம "வந்திருக்கியா, சரி, இரு"ன்னு விட்டா இன்னும் சீக்கிரம் இறங்கும். அப்புறம் பக்கத்துல ஒரு நோட்டு வெச்சிருந்து வந்த நினைப்ப ஒரே வரியில எழுதிட்டு கீழ "நாளைக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு"ன்னு எழுதிட்டு மூடிடுங்க. கேள்விய தள்ளிவிடல, அதுக்கு நேரம் குறிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்.

(ஒண்ணு மட்டும். நெஞ்சு வலி முதல் தடவையா வந்தாலோ, கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, வேர்த்து மயக்கம் வந்தாலோ, இது வெறும் பயம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரி போயிடுங்க. ஒரு தடவ டாக்டர் பார்த்து இதயத்துல ஒண்ணுமில்லன்னு சொன்னதுக்கப்புறம்தான் நான் சொல்றதெல்லாம்.)

நிறுத்த வேண்டிய ரெண்டு பழக்கம் இருக்கு. கூகுள்ல அறிகுறி தேடுறது ஒண்ணு, வீட்டுல இருக்கவங்ககிட்ட "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கிறது இன்னொண்ணு. ரெண்டுமே கேட்ட நிமிஷத்துக்கு நிம்மதியா இருக்கும், அடுத்த அரை மணி நேரத்துல இன்னும் ரெண்டு மடங்கா கேட்கச் சொல்லும். ஒரேயடியா நிறுத்த முடியலன்னா தள்ளிப்போடுங்க, இப்ப தேடணும்னு தோணுதா, இருபது நிமிஷம் கழிச்சு தேடுறேன்னு வைங்க, பாதி நாள் தேடாமயே போயிடும்.

இப்ப பகல் வேலைக்கு வர்றேன், உண்மையான வேலை இங்கதான். சாவு பயம்னு நாம ஒரே பேர் வெச்சிருக்கோமே தவிர உள்ள நாலஞ்சு வேற வேற பயம் ஒண்ணா சுருட்டி கிடக்கு, எது உங்களோடதுன்னு தெரியாம மருந்து தேடுறதாலதான் எதுவுமே வேலை செய்ய மாட்டேங்குது. சாயந்திரம் அஞ்சு மணிக்கு அந்த நோட்ட எடுத்து "நான் செத்துப்போனா..."ன்னு எழுதி வாக்கியத்த முடிங்க, யோசிக்காம பத்து தடவ. முதல் மூணு நாலு வாக்கியம் எல்லாரும் எழுதுறதாத்தான் இருக்கும், ஏழாவது எட்டாவதுல உங்களோடது வெளிய வரும். எனக்கு ஒன்பதாவது வாக்கியம், "நான் செத்துப்போனா அப்பா மாதிரி மூச்சுக்கு திணறுவேன்". அத எழுதின கையோட அழுதுட்டேன், ஆனா அதுவரைக்கும் நான் பயந்தது இல்லாம போறதுக்கு இல்ல, போற வழிக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

போற வழிதான் உங்க பயமும்னா அதுக்கு மருந்து தகவல், அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன். அப்பாவுக்கு கடைசி ரெண்டு நாள் மூச்சு விட்டு விட்டு வந்துச்சு, வேகமா நாலஞ்சு மூச்சு, அப்புறம் ஒண்ணுமே இல்ல, நாங்க எல்லாம் முகத்த பார்த்துக்கிட்டே நிப்போம், இருபது செகண்ட் கழிச்சு மறுபடி ஒரு பெரிய மூச்சு. தொண்டையில கரகரன்னு சத்தம் வேற. அவர் மூழ்குறார்னு நினைச்சேன் நான். பின்னாடி ஒரு நர்ஸம்மா உட்கார வெச்சு பொறுமையா சொன்னாங்க, அந்த விட்டு விட்டு வர்ற மூச்சுக்கு டாக்டருங்க செய்ன் ஸ்டோக்ஸ்னு பேரே வெச்சிருக்காங்க, அந்த சத்தம் விழுங்க முடியாத எச்சில் தொண்டையில தங்குறதால வர்றது, அந்த நேரத்துல அவர் ஆழ்ந்த மயக்கத்துல இருந்திருப்பார், கேட்கிற நமக்குத்தான் வேதனை, அவருக்கு பெரும்பாலும் தெரிஞ்சிருக்காதுன்னு. நோய் முத்தி போறவங்கள்ல நிறைய பேருக்கு இப்படித்தான் நடக்கும், தூக்கம் கூடிக்கிட்டே போகும், சாப்பாடு தண்ணி மேல நாட்டம் போயிடும், கை கால் குளிரும், அப்புறம் எழுப்ப முடியாத மயக்கம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மார்ஃபின் மாதிரி மருந்து இருக்கு, அத சரியா கொடுக்க தெரிஞ்ச, வலியையும் அவஸ்தையையும் குறைக்கிறதையே வேலையா வெச்சிருக்கிற பேலியேட்டிவ் கேர் டாக்டருங்களும் இருக்காங்க. சிசிலி சாண்டர்ஸ்ங்கிற அம்மா 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸ்னு கடைசி காலத்துல இருக்கவங்கள பார்த்துக்கிற இடத்த ஆரம்பிச்சதே, குணப்படுத்த முடியாதுன்னா இனி செய்ய ஒண்ணுமில்லங்கிற பேச்ச மாத்தத்தான். அப்புறம் 2020ல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, சாகுறதுக்கு சில மணி நேரம் முன்னாடி, நினைவில்லாம கிடந்தவங்கள்ல சிலரோட மூளை சத்தத்துக்கு அசைஞ்சு கொடுத்துச்சுன்னு. நாம பேசுறது அவங்களுக்கு புரியுதுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல, ஆனா நான் அத படிச்சதுக்கப்புறம் கடைசி நேரத்துல இருக்கவங்க பக்கத்துல உட்கார்ந்தா பேசாம இருக்கிறதில்ல.

பசங்கள, வீட்டுல இருக்கவங்கள விட்டுட்டு போயிடுவோமேங்கிறது உங்க பயம்னா, அது பயம் வேஷத்துல வந்திருக்கிற பாசம், அதுக்கு ஆறுதல விட வேலை கொடுக்கிறதுதான் நல்லது. பேங்க் கணக்குல நாமினி போடுங்க, இன்சூரன்ஸ் பேப்பர் எங்க இருக்குன்னு ஒருத்தருக்காவது சொல்லுங்க, உயில் எழுதுங்க, வென்டிலேட்டர் வேணுமா வேணாமான்னு உங்க விருப்பத்த வீட்டுல வாய் விட்டு சொல்லுங்க. உயில் எழுதினா சாவு சீக்கிரம் வந்துடும்னு ஒரு நடுக்கம் வரும், எனக்கும் வந்துச்சு, எழுதி கையெழுத்து போட்ட அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாளைக்கப்புறம் நல்லா தூங்கினேன்.

இல்லாம போறதுதான் பயம், எதுவுமே தெரியாத அந்த இருட்டுதான் பயம்னா, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல மனுஷங்க இதோட மல்லுக்கட்டியிருக்காங்க. கிரேக்கத்துல எபிகியூரஸ் சொன்னது, நாம இருக்கிற வரைக்கும் சாவு இங்க இல்ல, சாவு வந்ததுக்கப்புறம் நாம இங்க இல்ல, ரெண்டு பேரும் சந்திக்கவே போறதில்ல, அப்புறம் என்ன பயம்னு. அவர் வழியில வந்த ரோமானிய கவிஞர் லூக்ரீஷியஸ் இன்னொண்ணு கேட்டார், பொறக்குறதுக்கு முன்னாடியும் கணக்கில்லாத காலம் நீ இல்லாமதானே இருந்த, அத நினைச்சு அழுதியான்னு. எனக்கு ரெண்டாவதுதான் அதிகம் உதவுச்சு. ஆனா உண்மைய சொல்லணும், இந்த வாதம் அறிவுக்கு போய் சேருது, வயித்துக்கு சேர மாட்டேங்குது, ஏன்னா பொறக்குறதுக்கு முன்னாடி இழக்க எதுவும் இல்ல, இப்ப கை நிறைய இருக்கு. அதனால வாதத்தோட பழக்கமும் வேணும். புத்த மரபுல மரணஸதின்னு ஒரு தியானமே இருக்கு, சாவ தினமும் நினைச்சு பழகுறது. 1896ல மதுரையில ரமணருக்கு பதினாறு வயசு, உடம்புல ஒரு நோயும் இல்லாம திடீர்னு சாகப்போறோம்னு பயம் வந்துச்சு, ஓடாம அங்கயே பிணம் மாதிரி விறைச்சு படுத்து, சரி உடம்பு செத்துடுச்சு, இப்ப செத்தது யாருன்னு உள்ள பார்த்தார். அவர் பார்த்தது எல்லாருக்கும் தென்படும்னு நான் சொல்லல, பயத்துக்கு முதுக காட்டாம முகத்த காட்டினார் பாருங்க, அத எடுத்துக்கலாம். பகல்ல, மனசு தெளிவா இருக்கும்போது, அஞ்சு நிமிஷம் போதும். ராத்திரி படபடப்புல இத முயற்சி பண்ணாதீங்க, மூச்ச அடக்கவே அடக்காதீங்க.

அதுக்கப்புறம் என்னங்கிற கேள்வி. வள்ளுவர் சாவ தூக்கத்துக்கும் பிறப்ப முழிப்புக்கும் ஒப்பிட்டு ஒரு குறள் எழுதினார், கீதை பழைய துணிய கழட்டி புதுசு போடுறத சொல்லுது, கிறிஸ்தவத்துலயும் இஸ்லாத்துலயும் உயிர்த்தெழுதலும் தீர்ப்பும் இருக்கு, பௌத்தத்துல நிலையான ஆத்மா இல்லாமயே மறுபிறவி இருக்கு, கடவுள், ஆத்மா எதையும் ஒத்துக்காத பழங்கால சார்வாகர்கள் உடம்போட எல்லாம் முடிஞ்சுதுன்னாங்க. ஒருத்தர ஒருத்தர் இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்க வெச்சதில்ல. செத்துப் பொழைச்சவங்க சாட்சி இருக்கேன்னு சொல்லுவீங்க. 2001ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல நெதர்லாந்து ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, இதயம் நின்னு மீட்டெடுத்த 344 பேர்ல 62 பேர் ஏதோ அனுபவம் இருந்துச்சுன்னாங்க, வெளிச்சம், செத்துப்போன சொந்தக்காரங்க, அமைதின்னு. உயிர் நிஜமாவே உடம்ப விட்டு மேல மிதந்து பார்க்குதான்னு சோதிக்க சாம் பார்னியாங்கிற டாக்டரோட குழு ஆஸ்பத்திரி அறைகள்ல உயரத்துல ஷெல்ஃப் கட்டி, மேல இருந்து பார்த்தா மட்டும் தெரியுற மாதிரி படம் வெச்சாங்க, 2014ல முடிவு வந்துச்சு, பார்த்தேன் கேட்டேன்னு விவரமா சொன்னது ரெண்டே பேர், அந்த ரெண்டு பேருக்கும் இதயம் நின்னது ஷெல்ஃப் இல்லாத இடத்துல. அனுபவம் உண்மை, அதுக்கு காரணம் என்னன்னுதான் இன்னும் சண்ட. இதையே ராத்திரி பூரா வீடியோவா பார்த்து நிம்மதி தேடாதீங்க, அதுவும் நாடி எண்ணுற மாதிரிதான், பார்க்க பார்க்க இன்னொண்ணு வேணும்.

நம்பிக்கை இருக்கவங்களுக்கு சொல்றது, அத பிடிச்சுக்கோங்க, ஆனா வாதத்துல ஜெயிச்சு நிரூபிக்கணும்னு பார்க்காதீங்க, பிரார்த்தனையாவோ சேவையாவோ தினமும் செய்யுற ஒண்ணா வெச்சுக்கோங்க, செய்யுற நம்பிக்கை ராத்திரில தாங்கும், யோசிக்கிற நம்பிக்கை ஆட்டம் கொடுக்கும். நம்பிக்கை இல்லாதவங்க பயத்துக்காக நம்புற மாதிரி நடிக்க வேண்டாம். தெரியாதுன்னு சொல்றதும் ஒரு நேர்மையான இடம், அங்க உட்கார பழகலாம், நான் அங்கதான் இருக்கேன்.

நரகத்துக்கு போயிடுவேன்னு நடுங்குறவங்க இருக்கீங்க, உங்க கஷ்டம் தனி. உங்க மார்க்கத்துலயே கருணை எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பாருங்க, சிலுவையில இயேசுவுக்கு பக்கத்துல இருந்த குற்றவாளிக்கு கடைசி நேரத்துல கிடைச்சது, குர்ஆன்ல 114 அத்தியாயத்துல ஒண்ண தவிர எல்லாமே அருளாளன்ங்கிற பேரோடதான் ஆரம்பிக்குது. மிரட்டாம பேசுற பெரியவர் ஒருத்தர்கிட்ட போங்க. எத்தனை தடவ மன்னிப்பு கேட்டாலும் பத்தல, திரும்ப திரும்ப கேட்டுக்கிட்டே இருக்கணும்னு தோணுச்சுன்னா அது பாவத்தோட அளவு இல்ல, ஒரே நினைப்பும் செயலும் விடாம திரும்ப திரும்ப வர்ற ஓசிடிங்கிற மனநோய்ல இப்படி ஒரு வகை இருக்கு, சிகிச்சை இருக்கு.

குழந்தைங்க கேட்டா "தூங்குறாங்க"ன்னு சொல்லாதீங்க, அப்புறம் அதுங்க தூங்க பயப்படும். உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு, இனி வலிக்காது, திரும்பி வர மாட்டாங்க, உன்ன பார்த்துக்க நாங்க இருக்கோம், இவ்வளவு போதும்.

மாசக்கணக்குல தூக்கம் போச்சு, வேலைக்கு போக முடியல, வெளிய போகவே பயம்னா மனநல டாக்டரையோ சைக்காலஜிஸ்டையோ பாருங்க, சிபிடின்னு பேச்சு சிகிச்சை இந்த பயத்துக்கு நல்லா வேலை செய்யும், நானே பதினோரு தடவ போனேன். பயம் மாறி, செத்துட்டா தேவலன்னு தோண ஆரம்பிச்சா அது வேற விஷயம், நாளைக்குன்னு தள்ளாதீங்க, இன்னைக்கே இப்பவே பக்கத்துல இருக்க ஒருத்தர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க, தனியா இருக்காதீங்க.

எனக்கு இப்பவும் மாசத்துல ஒண்ணு ரெண்டு ராத்திரி வரும். நாடி எண்ணுறதில்ல. நோட்டு தலையணை பக்கத்துலயே இருக்கு, இருட்டுல தேட வேண்டியதில்லாம பேனா மூடிய கழட்டி நடுப்பக்கத்துலயே வெச்சிருப்பேன், போன வாரம் எழுதினது "அப்பா குரல் மறந்துடுச்சோ"ன்னு ஒரு வரி. சாயந்திரம் அஞ்சு மணிக்கு அத பிரிச்சு பார்த்துட்டு, பழைய ஃபோன்ல இருந்த அவரோட வாய்ஸ் மெசேஜ் ஒண்ண தேடி எடுத்து தங்கச்சிக்கும் அனுப்பி வெச்சேன்.