பிக்கப் டெயில்கேட் திருட்டு: புதிதாக வண்டி வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

ஹூஸ்டனில் பிக்கப் வண்டிகளுக்கு உதிரிபாகம் மாட்டுவது என் வேலை. டெயில்கேட், அதாவது சரக்கு ஏற்றும் பகுதியின் பின்பக்கக் கதவு, இல்லாமல் கடைக்குள் நுழைகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ராத்திரி பூட்டித்தானே வைத்தேன்!" இருட்டில் நிறுத்தாதே, சாவியை விட்டுவிட்டுப் போகாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

ரிமோட்டை நம்புவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைப்பது இதுதான். ரிமோட்டை அழுத்தினால் விளக்கு மின்னும், ஹாரன் அடிக்கும். கதவெல்லாம் பூட்டிக்கொள்ளும். ஆனால் பல மாடல்களில், அதுவும் விலை குறைந்த ரகங்களில், டெயில்கேட்டுக்கும் அந்த ரிமோட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அதற்குத் தனியாகச் சாவி போட்டுத் திருப்ப வேண்டும். வண்டி விற்கிறவர்கள் இதை வாயைத் திறந்து சொல்வதில்லை.

பூட்டாத டெயில்கேட்டைக் கழற்ற ஸ்பேனர்கூட வேண்டாம். கைப்பிடியை இழுத்துப் பாதி இறக்கி, இரண்டு பக்கக் கேபிளையும் விடுவித்து, வலது ஓரத்தைத் தூக்கினால் கீலை விட்டு வந்துவிடும். அப்புறம் இடது பக்கம் தானாக நழுவும். நீளமான சரக்கு ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று கம்பெனியே செய்துவைத்த ஏற்பாடு அது. இறக்காமல் கழற்ற முடியாது என்பதால்தான் கைப்பிடிப் பூட்டு அவ்வளவு முக்கியம்.

தெரிந்த பையன் ஒருவன் பழைய வண்டி வாங்கினான். முந்தைய சொந்தக்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய டெயில்கேட்டை வாங்கி மாட்டியிருந்ததால், வண்டிச் சாவி அதற்குச் சேரவில்லை. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம் அண்ணா" என்றான். அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்திய வண்டியிலிருந்து அதற்குள் போய்விட்டது. கேமரா, பெயின்ட், கூலி என்று அவன் கட்டிய பணத்தில் பூட்டு எத்தனையோ வாங்கியிருக்கலாம்.

இன்றே ரிமோட்டை அழுத்திவிட்டுப் பின்னால் போய்க் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். திறந்தால், கதவுப் பூட்டு ஒயரோடு சேர்க்கும் பவர் லாக் கிட் கிடைக்கிறது, மாட்டிவிடுங்கள்.

ஹோஸ் கிளாம்பைத் தப்பான பக்கம் போடுவது

ஹோஸ் கிளாம்ப் என்பது ரப்பர் குழாயை இறுக்கும் திருகு வளையம்; டெயில்கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாதபடி அதைக் கீலைச் சுற்றி இறுக்குவார்கள். போட வேண்டியது வலது கீலில். தூக்கிக் கழற்றும் வாய் அங்கேதான். இறுக்கியபின் திருகின் தலையை அராவி மழுக்கிவிடுங்கள்; இல்லையென்றால் ஸ்க்ரூடிரைவரோடு வருகிறவனுக்கு ஒரு நிமிட வேலை.

'வெறும் தகரம்தானே' என்று விடுவது

2018 மே முதல் அமெரிக்காவில் 10,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட புது வண்டிகளுக்குப் பின்பக்கக் கேமரா கட்டாயம். பிக்கப்பில் அது பெரும்பாலும் டெயில்கேட் கைப்பிடியிலேயே இருக்கிறது. படியாக மடிவது, இரண்டாகப் பிரிவது என்று வசதி கூடக்கூட விலை சில ஆயிரம் டாலருக்குப் போய்விடுகிறது.

வின் நம்பர் பொறிக்காமல் விடுவது

வின் என்பது வண்டியின் அடையாள எண்; பொதுவாக டெயில்கேட்டில் அந்த நம்பர் இருக்காது. திருடனைப் பிடித்தாலும் எது யாருடையது என்று போலீஸால் சொல்ல முடியாது. உள்பக்க விளிம்பில் பொறித்துவிடுங்கள்.

பின்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்துவது

சுவரை ஒட்டி ரிவர்ஸில் விடுங்கள். இறக்க இடமில்லாவிட்டால் கழற்றவும் முடியாது.

இன்ஷூரன்ஸ்

லயபிலிட்டி (அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கானது) மட்டும் எடுத்திருந்தால் ஒரு சென்ட் வராது. திருட்டுக்கும் பணம் தரும் காம்ப்ரிஹென்சிவ் வேண்டும்; அதிலும் டிடக்டபிள், அதாவது முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை, எவ்வளவு என்று இப்போதே பாருங்கள்.