சேனல் அரைகுறையா தெரிஞ்சா எவ்ளோ பிட் தப்பாகும்? கால்குலேட்டரும் எக்ஸலும் வச்சு நாமளே போட்டுப் பாக்கலாம்

நம்ம காரைக்குடி பக்கம் இசிஇ படிக்கற தம்பி தங்கச்சிங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வயர்லெஸ் எடுத்தா ரிப்போர்ட்டோட ஆரம்பத்துலயே ஒரு வரி எழுதிடுறாங்க, "ரிசீவருக்கு சேனல் முழுசா தெரியும்னு வச்சுக்குவோம்"னு (சேனல்னா சிக்னல் வர்ற வழி, அது சிக்னலைப் பண்ற மாத்தம்). அப்புறம் வர்ற கிராஃப் எல்லாம் அழகா சரிஞ்சு கீழ இறங்கும், பவரை ஏத்த ஏத்த தப்பு குறைஞ்சுக்கிட்டே போகும். நிஜத்துல எந்த ஃபோனுக்கும் சேனல் முழுசா தெரியாது. தெரியாததால எவ்ளோ நஷ்டம்னு ஒரு நம்பர் கையில இருந்தாத்தான் அந்த கிராஃபுக்கு அர்த்தமே. அதை மேட்லேப் இல்லாம, சாதா சயின்டிஃபிக் கால்குலேட்டரும் எக்ஸலும் மட்டும் வச்சு எப்படி எடுக்கறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன், பக்கத்துல ஒரு ஷீட்டை திறந்து வச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: சேனல்னா என்னன்னு முதல்ல பிடிபடணும்

கானாடுகாத்தான்லயோ பள்ளத்தூர்லயோ ஒரு பெரிய வீட்டை நினைச்சுக்கோங்க. வைஃபை ரௌட்டர் முகப்புல இருக்கு, ஆச்சி ரெண்டாங்கட்டுல உக்காந்து சிங்கப்பூர்ல இருக்கற பேரன்கிட்ட வீடியோ கால் பேசுறாங்க. நடுவுல பட்டாசாலை, வளவு, அதைச் சுத்தி தூண், கனமான சுவர், தேக்கு நிலை. ரௌட்டர்லேர்ந்து நேரா ஃபோனுக்கு வழி கிடையாது, அங்கங்க முட்டித் தெறிச்சு வர்ற பல அலைகள் ஒண்ணா கூடித்தான் ஆச்சி கையில இருக்கற ஃபோன் ஆன்டெனாவுக்கு வருது. சில எடத்துல ஒண்ணுக்கொண்ணு கை கொடுக்கும், சில எடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையோட அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். ஃபோனை அதுல பாதி, அதாவது ஒரு 6 சென்டிமீட்டர் நகத்தினாலே கூட்டல் கழித்தல் எல்லாம் மாறிடும். கீழ போட்டிருக்கற ஆத்தங்குடி கல்லு ஒண்ணோட அகலத்துக்குள்ளயே சிக்னல் ஏறி இறங்கிடும்.

இந்த மொத்த விளையாட்டையும் ரிசீவர் ரெண்டே நம்பரா பாக்குது. சிக்னல் எவ்ளோ சுருங்குச்சு, எவ்ளோ சுழண்டுச்சு, அவ்ளோதான். சேர்த்து ஒரே காம்ப்ளெக்ஸ் நம்பர். நேர் வழி இல்லாம நிறைய எதிரொலி கூடி வந்தா அந்த நம்பரோட ரியல் பாகமும் இமாஜினரி பாகமும் தனித்தனி காஸியனா (மணி வடிவத்துல பரவற ராண்டம் நம்பரா) இருக்கும், இதைத்தான் ரேலே ஃபேடிங்னு சொல்றோம். கணக்கு இப்படி:

வந்தது = சேனல் × அனுப்பினது + நாய்ஸ்

பிபிஎஸ்கேல (ஒரு சிம்பலுக்கு ஒரு பிட் அனுப்பற முறை) அனுப்பறது +1 இல்லாட்டி −1. சேனல் அதை 90 டிகிரிக்கு மேல திருப்பிட்டா +1 போய் −1 மாதிரி நிக்கும். அதனால எவ்ளோ திருப்பிச்சுன்னு தெரிஞ்சாத்தான் ரிசீவர் அதை நேராக்கிப் படிக்க முடியும்.

ஸ்டெப் 2: பைலட் அனுப்பி சேனலைக் கண்டுபிடிக்கறது

வழி ரொம்ப சிம்பிள். ரெண்டு பக்கமும் முன்னாடியே பேசி வச்ச ஒரு சிம்பல், +1னு வச்சுக்கலாம், அதை முதல்ல அனுப்பணும். அதுக்குப் பேரு பைலட். அனுப்பினது 1ன்னு தெரியும், அப்ப வந்தது என்னவோ அதுதான் சேனல். ஆனா அதோட நாய்ஸும் ஒட்டிக்கிட்டு வருது பாருங்க, அங்கதான் பிரச்சனை. நம்ம கையில இருக்கறது சேனல் இல்ல, சேனல் கூட்டல் ஒரு தப்பு. அந்த தப்போட பவரை எஸ்டிமேட் தப்புன்னு கூப்பிடுவோம். ஒரு பைலட் அனுப்பினா அது 1 ÷ எஸ்என்ஆர் (எஸ்என்ஆர்னா சிக்னல் பவர் ÷ நாய்ஸ் பவர்). 4 பைலட் அனுப்பி சராசரி எடுத்தா நாலுல ஒரு பங்கா குறையும்.

ஸ்டெப் 3: கால்குலேட்டர்ல பதில் எடுக்கறது

பிபிஎஸ்கே, ஒரே ஆன்டெனா, ரேலே ஃபேடிங், இந்த மூணும் இருந்தா சிமுலேஷன் இல்லாமலே சரியான விடை கிடைக்கும், தோராயம் எல்லாம் இல்ல. எஸ்என்ஆரை டெசிபெல்லேர்ந்து சாதா நம்பரா மாத்திக்கோங்க (10 டெசிபெல்னா 10, 20னா 100, 30னா 1000). அப்புறம்:

அ = 1 + (1 ÷ எஸ்என்ஆர்)
ஆ = 1 + எஸ்டிமேட் தப்பு
ம்யூ = 1 ÷ √(அ × ஆ)
பிட் தப்பு விகிதம் = (1 − ம்யூ) ÷ 2

ம்யூங்கறது நம்ம எஸ்டிமேட்டும் வந்த சிக்னலும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கற கோரிலேஷன்.

10 டெசிபெல்ல போட்டுப் பாப்போம். சேனல் முழுசா தெரியும்னா எஸ்டிமேட் தப்பு 0, அ 1.1, ஆ 1, ம்யூ 0.9535, விடை 0.0233. ஆயிரம் பிட்டுக்கு 23 தப்பு. ஒரே ஒரு பைலட்னா ஆவும் 1.1 ஆயிடும், 1.1 × 1.1 = 1.21, வர்க்கமூலம் 1.1, ம்யூ 0.9091, விடை 0.0455. ஆயிரத்துக்கு 45, கிட்டத்தட்ட டபுள். 4 பைலட்னா ஆ 1.025, விடை 0.0291, அதாவது 29.

இப்ப 20 டெசிபெல்ல போட்டுப் பாருங்க. முழுசா தெரிஞ்சா 0.0025, ஒரு பைலட்டுக்கு 0.005, திரும்பவும் டபுள்தான். இதுல ஒரு ஒழுங்கு இருக்கு, எஸ்டிமேட்லயும் டேட்டாலயும் அதே அளவு நாய்ஸ் இருக்கறதால மொத்தத்துல ரெண்டு மடங்கு நாய்ஸ் இருக்கற மாதிரி ஆயிடுது, அதாவது 3 டெசிபெல் நஷ்டம். ஆனா பவரை ஏத்தினா ரெண்டு தப்பும் சேந்தே இறங்குது. இந்த வகை தப்புக்கு பயப்பட வேண்டாம், 3 டெசிபெல் கூடுதலா குடுத்தா சரியாயிடும்.

அப்ப பைலட்டை அள்ளி வீச வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. பைலட் போற எடத்துல டேட்டா போகாதே. எல்டிஇல (நம்ம 4ஜி) ஒரு ரிசோர்ஸ் பிளாக் ஜோடில 12 சப்கேரியர் (பக்கத்துப் பக்கத்து சின்ன அலைவரிசை), 14 சிம்பல், மொத்தம் 168 கட்டம். ஒரு ஆன்டெனா போர்ட்டுக்கு அதுல 8 கட்டம் ரெஃபரன்ஸ் சிக்னலுக்கே (எல்டிஇல பைலட்டுக்குப் பேரு) போயிடும், 4.8 சதவீதம். 4 போர்ட்னா 24 கட்டம், 14 சதவீதத்துக்கு மேல. எந்த நெட்வொர்க்கும் இதைச் சும்மா குடுக்காது.

ஸ்டெப் 4: எக்ஸல்ல நிரூபிச்சுக்கறது

ஃபார்முலாவை நம்பி மட்டும் எழுதாதீங்க, ரெவ்யூல கேட்டா காட்டறதுக்கு நம்ம கையால ஓட்டின ஒண்ணு வேணும். லிப்ரேஆபீஸ்ல பண்ணாலும் இதேதான். +1ம் −1ம் சமச்சீரா இருக்கறதால எல்லா ரோலயும் +1 மட்டும் அனுப்பினாப் போதும், வேலை பாதியாயிடும்.

காஸியன் நம்பர் வேணும்னா ராண்ட் ஃபங்ஷனை நார்ம் டாட் எஸ் டாட் இன்வ் ஃபங்ஷனுக்குள்ள போடுங்க, சராசரி 0, வேரியன்ஸ் 1னு ஒரு ராண்டம் நம்பர் வரும். ஏ, பி காலம் ரெண்டுலயும் அதை 0.7071ஆல பெருக்கிப் போடுங்க, அது சேனலோட ரியல், இமாஜினரி. சி, டி காலத்துல அதே ஃபங்ஷனை 0.2236ஆல பெருக்கி சேனலோட கூட்டுங்க, அது வந்த சிக்னல் (10 டெசிபெல்லுக்கு நாய்ஸ் பவர் 0.1, பாதி பாதியா பிரிச்சா 0.05, அதோட வர்க்கமூலம்தான் 0.2236). இ, எஃப் காலத்துல திரும்பவும் சேனலோட வேற புது நாய்ஸைக் கூட்டுங்க, அது பைலட்ல கிடைச்ச எஸ்டிமேட். கவனிங்க, சி, டில போட்ட நாய்ஸையே இங்க காப்பி பண்ணிடாதீங்க, பண்ணா ரெண்டும் அப்படியே ஒண்ணா இருக்கும், ஒரு தப்பு கூட வராது, நீங்களும் சந்தோஷமா பிரிண்ட் எடுத்துடுவீங்க.

ஜி காலத்துல முடிவு. சியை இயால பெருக்கி, டியை எஃப்ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டணும். அது மைனஸ்ல போனா அந்த பிட் தப்பு. 10,000 ரோவுக்கு இழுத்து விட்டு கவுன்ட்இஃப் வச்சு மைனஸை மட்டும் எண்ணுங்க. 455க்கு பக்கத்துல, ஒரு நாப்பது முன்னப்பின்ன வரும். அடுத்து இ, எஃப் எடத்துல ஏ, பியையே வச்சா சேனல் முழுசா தெரிஞ்ச கேஸ், 233க்கு பக்கத்துல வரும். எஃப்9 தட்டத் தட்ட நம்பர் மாறிக்கிட்டே இருக்கும், நாலஞ்சு தடவை தட்டி எவ்ளோ ஆடுதுன்னும் பாத்துக்கோங்க.

ஸ்டெப் 5: பவர் ஏத்தியும் குறையாத தப்பு

எனக்கு இந்தப் பதிவுலயே முக்கியமான எடம் இதுதான், கொஞ்சம் நிதானமா படிங்க.

எஸ்டிமேட் தப்பு எஸ்என்ஆரோட சேந்து குறையாம 0.1லயே உக்காந்துக்கிச்சுன்னு வைங்க. ஆ எப்பவும் 1.1. 10 டெசிபெல்ல 0.0455. 20 டெசிபெல்ல 0.0256. 30 டெசிபெல்ல 0.0235. 40 டெசிபெல்ல 0.0233. 10லேர்ந்து 40க்குப் போக பவரை ஆயிரம் மடங்கு ஏத்தியாச்சு, தப்பு பாதியாத்தான் குறைஞ்சிருக்கு, இனி இறங்கவும் இறங்காது. சேனல் முழுசா தெரிஞ்சிருந்தா 30 டெசிபெல்லயே 0.00025 வந்திருக்கும். பழைய பவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டு எத்தனை ட்யூப்லைட் போட்டாலும் எழுத்து தெளியாது பாருங்க, அந்தக் கதைதான்.

அந்த 0.0233 எங்க நிக்குதுன்னும் பாருங்க. சேனல் முழுசா தெரிஞ்சு 10 டெசிபெல்ல வந்த அதே விடை. 1 ÷ 0.1 = 10, அதாவது எஸ்டிமேட் தப்போட தலைகீழ்தான் நமக்கு கிடைக்கக்கூடிய எஸ்என்ஆரோட உச்சவரம்பு. தப்பு 0.01னா உச்சவரம்பு 20 டெசிபெல். இந்த ஒரு கணக்கு தெரிஞ்சா டிரான்ஸ்மிட்டர் பவரை ஏத்தறதா எஸ்டிமேட்டரை சரி பண்றதான்னு உடனே சொல்லிடலாம்.

இப்படி உக்காந்துக்கற தப்பு எங்கேர்ந்து வரும்? பக்கத்து செல்லும் (பக்கத்து டவரோட ஏரியா) அதே பைலட்டை அதே நேரத்துல அனுப்பினா நம்ம எஸ்டிமேட்ல அதோட சேனலும் கலந்துடும், ரெண்டு பேரும் பவரை ஏத்தினாலும் கலப்பு அப்படியேதான் இருக்கும். தாமஸ் மர்சேட்டாங்கற ஆராய்ச்சியாளர் 2010ல மாஸிவ் மைமோ (டவர்ல ஏகப்பட்ட ஆன்டெனா வைக்கற முறை) பத்தி எழுதினப்ப, ஆன்டெனா எண்ணிக்கையை எவ்ளோ கூட்டினாலும் கடைசியா மிஞ்சி நிக்கறது இந்த பைலட் கன்டாமினேஷன்தான்னு காட்டினார். ஃபோன்லேர்ந்து டவருக்கு சேனலை நாலஞ்சு பிட்ல சுருக்கி அனுப்பறதும் இதே வகை. நம்ம ஊருக்கு எல்லாத்தையும் விட அதிகமா பொருந்தறது அடுத்தது.

ஸ்டெப் 6: சேனல் பழசாகறது

காரைக்குடிலேர்ந்து தேவகோட்டை போற பஸ், வேகம் 60 கிலோமீட்டர்னு வைங்க, விநாடிக்கு 16.67 மீட்டர். ஃபோன் 1800 மெகாஹெர்ட்ஸ்ல இருந்தா அலைநீளமும் 16.67 சென்டிமீட்டர், ஒண்ணை ஒண்ணு வகுத்தா டாப்ளர் (நகர்றதால வர்ற ஃப்ரீக்வன்சி மாத்தம்) சரியா 100 ஹெர்ட்ஸ். பைலட் வந்து 1 மில்லிசெகண்ட் கழிச்சு டேட்டாவைப் படிக்கறோம்னா பஸ் அதுக்குள்ள நகர்ந்தது 1.67 சென்டிமீட்டர், நம்ம சுண்டுவிரல் அகலத்தை விட கொஞ்சம் கூட.

அந்தக் கொஞ்சத்துக்கு எவ்ளோ விலைன்னு 1968ல கிளார்க் குடுத்த மாடல்ல கணக்குப் போடலாம். பழைய சேனலுக்கும் புதுசுக்கும் உள்ள கோரிலேஷன் பெஸல் ஃபங்ஷன், ஜே ஜீரோ. உள்ள போட வேண்டியது 2 × பை × டாப்ளர் × நேரம், இங்க 0.628. எக்ஸல்ல பெஸல்ஜே ஃபங்ஷன் இருக்கு, ஆர்டர் 0 குடுத்தா 0.904 வரும். ஸ்டெப் 3ல வந்த ம்யூவை இதால பெருக்கிடுங்க. நாய்ஸே இல்லாட்டியும் விடை (1 − 0.904) ÷ 2, அதாவது 0.048. ஆயிரத்துக்கு 48 தப்பு, டவர் ரோட்டோரமா பக்கத்துலயே இருந்தாலும் இதுதான். அதுவே 5 மில்லிசெகண்ட் பழசுன்னா கோரிலேஷன் −0.304க்குப் போயிடும், தப்பு பாதிக்கும் மேல, 65 சதவீதம். அப்ப எஸ்டிமேட்டைத் தூக்கிப் போட்டுட்டு காசு சுண்டிப் பாத்தாலே பரவால்லங்கற நிலைமை. எல்டிஇல ரெஃபரன்ஸ் சிக்னலை 1 மில்லிசெகண்டுக்குள்ளயே நாலு எடத்துல தெளிச்சு வச்சிருக்கறது இதுக்குத்தான், நடுவுல இருக்கறதை இன்டர்போலேட் பண்ணிக்கும்.

இதையும் ஷீட்ல சேத்துடுங்க. இ, எஃப்ல இருக்கற எஸ்டிமேட் பழைய சேனலான ஏ, பிலேர்ந்தே வரட்டும், அதைத் தொடாதீங்க. புதுசா ஹெச், ஐ காலம் போட்டு பழைய சேனல் × 0.904 + புது காஸியன் × 0.7071 × 0.428ன்னு எழுதுங்க, 0.428ங்கறது 1லேர்ந்து 0.904ஓட வர்க்கத்தைக் கழிச்சு மூலம் எடுத்தது. சி, டில ஏ, பி இருந்த எடத்துல ஹெச், ஐயை மாத்துங்க. 10 டெசிபெல்ல 10,000 ரோவுக்கு 890 பக்கம் வரும். அப்புறம் ரெண்டு நாய்ஸ்லயும் 0.2236ஐ 0.00707ஆ மாத்தினா 40 டெசிபெல், அப்பவும் 480 சொச்சத்துக்குக் கீழ இறங்காம நிக்கும்.